திரையின் இடது பக்கம்

ஏறக்குறைய ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை, ஸ்கேல் தன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, தன் கருவிகளை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார். ஒன்றிரண்டு இல்லை, அத்தனையும்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். எதுவும் எங்கேயும் போகவில்லை. சுவர், கதவு, ஜன்னல், படிக்கட்டு, கோடு, அளவு, எழுத்து, அழிப்பு என்று எட்டுக் கருவிப் பட்டைகளும் இடது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக, அவர் வைத்த வரிசையிலேயே நின்றன. வலது பக்கம் நின்றபடி கையை நீட்டி, இதோ இருக்கிறதே என்று தொட்டுக் காட்டினாள். அவர் அவளுடைய தோளைப் பார்த்தார். முழங்கை வரைக்கும் பார்வை வந்தது. அதற்கு மேல் போகவில்லை.

“எங்க?” என்றார்.

ஸ்கேல் என்பது அலுவலகத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். கட்டட வரைபடம் போடுவது அவர் தொழில். இருபத்திரண்டு வருஷமாக ஒரே இன்ஜினியரிடம் வேலை. அவர் போட்ட கோட்டை யாரும் இரண்டாம் தரம் அளந்து பார்த்ததில்லை. வீட்டில்கூட மேசை மேல் வைக்கிற தண்ணீர்த் தம்ளர் ஓரத்திலிருந்து தினமும் ஒரே தூரத்தில் இருக்கும். வரைகிற மென்பொருளை அவர் தன் வசதிக்கு இழைத்து இழைத்து வைத்திருந்தார். பின்னணி கறுப்பு. சுவர் மஞ்சள், கதவு பச்சை, ஜன்னல் வெளிர் நீலம், அளவுகள் சாம்பல். யாராவது அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நிறத்தை மாற்றிவிட்டால் அன்று பொழுது முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

பக்கவாதம் வந்தது அலுவலகத்தில், காலை பதினொரு மணிக்கு. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கை பழைய கைதான். இடது கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன. திரும்பாமல் நின்றது வேறொன்று. கண்ணில் கோளாறு இல்லை என்று டாக்டர் அவளைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். மூளைக்குத்தான் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. மறந்துபோனது என்பதும் அதற்குத் தெரியவில்லை.

தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, அவ்வளவுதானா என்று கேட்பார். அவள் தட்டை அரைச் சுற்றுத் திருப்பி வைப்பாள். இப்போதுதான் பரிமாறியதாக நினைத்து மீதியைச் சாப்பிடுவார். சவரமும் ஒரு கன்னத்தோடு முடிந்துவிடும். “அண்ணன் வலது பக்கம் மாப்பிள்ளை, இடது பக்கம் சாமியார்” என்று அவருடைய தம்பி சொல்லப்போக, அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவள் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவள். சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த பெரிய அலமாரி முன்னால் நின்று, ஒவ்வொரு கடிதத்தையும் அதனதன் தெருவுக்குரிய அறையில் போட வேண்டும். பத்தொன்பது வருஷப் பழக்கம். கண் முகவரியைப் படித்து முடிப்பதற்குள் கை போய்ச் சேர்ந்துவிடும். கம்ப்யூட்டரை அவள் தொட்டதில்லை. தொட வேண்டிய தேவை வந்ததில்லை. ஆனால் ஒன்று அவளுக்குத் தெரியும். கைக்கு எட்டாத அறையில் கடிதம் போட முடியவில்லை என்றால், அலமாரியைத்தான் நகர்த்த வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே அப்படித்தான் செய்திருந்தாள். கட்டிலைத் திருப்பிப் போட்டாள். மருந்து, கண்ணாடி, கைத்தடி எல்லாம் வலது பக்கம் வந்தன. இனி பாக்கி அந்தத் திரை.

தம்பியைக் கூப்பிட்டாள். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் குடும்பத்தில் அவனுக்கு வக்கீல் என்று பெயர். கம்ப்யூட்டரும் ஒரு மெஷின்தானே அண்ணி என்று தைரியமாக உட்கார்ந்தான். எதையோ அழுத்தினான். எழுத்துகள் எறும்பு அளவுக்குச் சிறுத்தன. இன்னொன்றை அழுத்தினான். கறுப்புப் பின்னணி பளீரென்று வெள்ளையானது. மூன்றாவது அழுத்தலில் எட்டுப் பட்டைகளும் உண்மையிலேயே காணாமல் போயின. இப்போதுதான் அண்ணன் சொன்னது சரியாக இருக்கிறது என்று வக்கீல் வாதாடிப் பார்த்தான். அவள் அவனை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தாள்.

அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்து வந்து கணவர் தூங்குகிற பிற்பகல் நேரத்தில் அவள் அந்தத் திரையோடு மல்லுக்கட்டினாள். எதைத் தொட்டால் என்ன ஆகிறது என்று ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டாள். மேலே ‘தோற்றம்’ என்று ஒரு பட்டியல் இருந்தது. அதற்குள் போனால், மறைந்த பட்டைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சின்னக் கட்டம். அதில் ஒரு தட்டுத் தட்டினால் பட்டை திரும்பி வந்தது. எட்டும் வந்ததும் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள். மறுநாள் இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு பட்டையின் தலையிலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நாலைந்து புள்ளிகள். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் பட்டை முழுசாகக் கூட வந்தது. விட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு அறையில் இருந்த கடிதத்தை எடுத்து இன்னொரு அறையில் போடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எட்டையும் வலது ஓரத்துக்குக் கொண்டுவந்தாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். அம்புக்குறியைக் கட்டைவிரல் அளவு ஆக்கி மஞ்சள் நிறம் கொடுத்தாள். பின்னணியை மறுபடி கறுப்பாக்கினாள். அது மட்டும் அவருக்காக அல்ல, அந்த வெள்ளை அவளுக்கே பொறுக்கவில்லை.

காலையில் அவர் வந்து உட்கார்ந்தார். கண் நேராக வலது ஓரத்துக்குப் போனது. சுவரைத் தொட்டார். ஒரு கோடு போட்டார். கதவு வைத்தார். அது எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று யோசித்துத் திருப்பி வைத்தார். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. அன்று அவள் வேலைக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனாள். மேற்பார்வையாளர் காரணம் கேட்டபோது, கதவு வைத்தார் சார் என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு அவர் தினமும் வரைந்தார். பழைய வரைபடங்களைப் பார்த்து வரைந்தார், மனதிலிருந்து வரைந்தார். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் மாலை, வந்து பார் என்று கூப்பிட்டார். திரையில் ஒரு வீடு. சமையலறை, அதன் ஜன்னல், பின்பக்கக் கதவு, அளவுகள், எல்லாம் அச்சுப் போல.

“நம்ம வீடு” என்றார்.

அவர்கள் வீட்டில் நுழைந்ததும் வலது கைப்பக்கம் சமையலறை. இடது கைப்பக்கம் படுக்கையறை, அதையொட்டிக் குளியலறை. திரையில் சமையலறை இருந்தது. கூடத்தில் வலது பாதி இருந்தது. அதோடு கோடுகள் நின்றுவிட்டன. இடது பக்கச் சுவர்கூட இல்லாமல் கூடம் அப்படியே கறுப்பில் போய்க் கரைந்தது. அவர்கள் இருபது வருஷம் படுத்து எழுந்த அறை அங்கே இல்லை.

நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒரு முறை வீட்டுக்கு வருகிற பயிற்சியாளர் ஒருத்தி இருந்தாள். ஐம்பது வயதிருக்கும், அவளை அவர்கள் பயிற்சி அம்மா என்றே கூப்பிட்டார்கள். அவள் திரையைப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் யார் மாற்றியது என்று விசாரித்தாள். கம்ப்யூட்டர் தெரியாதவளா இவ்வளவும் செய்தாள் என்று ஆச்சரியப்பட்டாள். பிறகு வாசலில் செருப்பு மாட்டும்போது, தணிந்த குரலில் மற்றதையும் சொன்னாள். எல்லாவற்றையும் வலது பக்கமே கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தால், மூளை இடது பக்கத்தைத் தேடவே தேடாது. தேடித் தேடித்தான் அது திரும்பக் கிடைக்கும், கிடைக்கிற அளவுக்கு. இடது ஓரத்தில் சிவப்பாக ஒரு அடையாளம் வேண்டும். அந்தச் சிவப்பைப் பார்க்கும் வரை தலையைத் திருப்பிப் பழக வேண்டும். பட்டைகளை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், பழைய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

மனைவிக்குக் கோபம் வந்தது.

“அஞ்சு மாசம் கழிச்சு இப்பத்தாம்மா சிரிச்சாரு. அதை நானே பிடுங்கச் சொல்றீங்களா?”

பயிற்சி அம்மா வாதம் பண்ணவில்லை. உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது செய்யுங்கள் என்று சொல்லி அவள் கையை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனாள்.

அடுத்த இரண்டு நாள் வேலையில் அவள் போட்ட கடிதங்கள் தவறான அறைக்குப் போயின. பத்தொன்பது வருஷத்தில் நடக்காதது. அவருக்குத் தெரியாமல், ஒரு நாளைக்கு ஒரு விரல் அகலம் என்று பட்டைகளை நகர்த்திவிடலாமா என்றுகூட யோசித்தாள். நோட்டில் அதற்கு ஒரு கணக்கும் போட்டாள். ஆனால் அந்த மனிதருக்கு முதல் நாளிலிருந்தே யாரோ தன் பொருளைத் திருடுகிறார்கள் என்ற பயம் இருந்தது. அந்த யாரோ தானாக இருக்க அவளால் முடியாது. நோட்டில் போட்டதை அடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் போட்ட வீட்டைத் திறந்தாள். வரைபடம் முழுவதையும் பிடித்து, மெதுவாக வலது பக்கமாக நகர்த்திக்கொண்டே வந்தாள். சமையலறை திரையை விட்டு வெளியே போனது. கூடம் வந்தது. கூடத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை, கறுப்புத்தான் வந்தது.

அவர் நிறுத்தச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார்.

“நம்ம ரூம் எங்க?”

அவள் அந்தக் கறுப்பின் மேல் விரலை வைத்தாள்.

“இது நான் போட்டதா?”

“ஆமாங்க.”

“அன்னைக்கு நல்லா இருக்குன்னு சொன்னியே.”

“சிரிச்சுக்கிட்டே காட்டுனீங்க. எனக்கு வாய் வரல.”

அவர் மறுபடி திரையிடம் குனிந்தார். இடது பக்கச் சுவர் இல்லாத வீட்டை யார் கட்டுவார்கள், முதல் மழைக்கே நிற்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டாக்டர் எத்தனையோ தரம் சொல்லியும் ஏறாதது, அந்தக் கறுப்பைப் பார்த்ததும் ஏறிவிட்டது போலிருந்தது. ஒரு வரைபடக்காரரிடம் வரைபடத்தைக் கொண்டுதான் பேச முடியும் என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது. பயிற்சி அம்மா சொன்னது முழுவதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வலது கண்ணை மட்டும். இடது கண்ணை அவள் துடைத்துவிட்டாள்.

“சரி, எடுத்து அந்தப் பக்கம் வை. எதை முதல்ல வைக்கப்போற?”

அவள் யோசித்துவிட்டு, அழிப்பை என்றாள். தப்புப் போட்டால் அந்தப் பக்கம் போய்த்தானே ஆக வேண்டும். அவர் அவளை முறைத்தார். பிறகு, நீ தபால் நிலையத்தில் இருக்க வேண்டியவளே இல்லை, போலீசில் இருக்க வேண்டியவள் என்றார்.

அந்த எட்டில் சேராமல் திரையின் அடியில் நீளமாகப் படுத்திருக்கும் கம்ப்யூட்டரின் சொந்தப் பட்டையை அமைப்புகளுக்குள் போய் இடது ஓரத்துக்கு நிமிர்த்தி வைத்தாள். அதற்கு நல்ல செக்கச்செவேலென்ற சிவப்புக் கொடுத்தாள். சிவப்பைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்பது சட்டம். அவர் தலையைத் திருப்புவார், பாதியில் நின்றுவிடுவார், பார்த்துவிட்டேன் என்பார். என்ன நிறம் என்று அவள் கேட்பாள். சிவப்பு என்பார், பார்க்காமலே. அதனால் தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் நிறத்தை மாற்றி வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். ஒரு நாள் ஆரஞ்சு, ஒரு நாள் ரோஸ். மதியம் போன் பண்ணி, இன்றைக்கு என்ன நிறம் என்று கேட்பாள். முதல் வாரத்தில் இரண்டு நாள் சரியாகச் சொன்னார். நாலாவது வாரத்தில் ஐந்து நாள். ஆறாவது நாள் அவளே மாற்ற மறந்திருந்தாள். அதற்காக அவர் அவளைக் கேலி செய்தார்.

எல்லா நாளும் அப்படிப் போகவில்லை. அழிப்பைத் தேடித் தேடி அலுத்து ஒரு மாலை மௌஸைத் தூக்கி எறிந்தார். சுவரில் பட்டு அதன் மூடி தெறித்தது. மூன்றாவது மாதம், ஐந்து பட்டைகள் இடது பக்கம் போயிருந்த சமயத்தில், காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தார். எழுந்து வந்து உட்கார்ந்தபோது ஐந்தில் ஒன்றுகூட அகப்படவில்லை. பழையபடி ஆகிவிட்டதே என்று முகத்தை மூடிக்கொண்டார். எல்லாவற்றையும் வலது பக்கம் வைத்துவிடு, எனக்கு இது போதும் என்றார். அவள் ஐந்தையும் வலது பக்கம் கொண்டுவந்து வைத்தாள். பயிற்சி அம்மா என்ன சொல்வாள் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அன்று அவருக்கு அதுதான் தேவைப்பட்டது.

மறுநாள் காலை அவள் தலை வாரிக்கொண்டிருந்தபோது மேசையிலிருந்து மௌஸ் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், ஸ்கேல் அழிப்புப் பட்டையின் தலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு தரம் நழுவிவிட்டது. மறுபடி பிடித்தார். பட்டை நகர நகர அவர் தலையும் அதோடு கூடவே திரும்பியது. கடைசியில் அது இடது ஓரத்துச் சிவப்பில் முட்டி ஒட்டிக்கொண்டது. அவள் வந்து நிற்பதை அவர் கவனிக்கவில்லை. அவளும் கூப்பிடவில்லை, சீப்பைக் கையில் பிடித்தபடியே திரும்பிப் போய்விட்டாள்.

வருஷம் திரும்பியதும் இன்ஜினியர் வீட்டுக்கு வந்தார். சின்னச் சின்ன வேலையாக அனுப்புகிறேன், வீட்டிலிருந்தே போடுங்கள் என்றார். ஒரே ஒரு ஏற்பாடு: போட்ட படத்தின் இடது பக்கத்தை அலுவலகத்தில் இன்னொருவர் பார்த்துவிடுவார். ஸ்கேலின் கோட்டை இரண்டாம் தரம் பார்ப்பதா என்று அவளுக்குச் சுருக்கென்றது. அவர் சாதாரணமாகத் தலையாட்டினார்.

அப்படி வேலை தொடங்கி இரண்டு மாதம் இருக்கும். ஒரு மதியம் தபால் நிலையத்துக்கு போன் வந்தது. மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது. அலுவலகத்திலிருந்து அதை ஏற்றிவிட்டிருந்தார்கள். அவளும் அவரும் சேர்த்து வைத்த அத்தனை அமைப்பும் ஒரு நொடியில் போயிருந்தது. எழுத்து சிறுத்துவிட்டது, அம்பு சுருங்கிவிட்டது. பட்டைகள் எல்லாம் மென்பொருள் கம்பெனி வைத்தபடி மொத்தமாக இடது ஓரத்தில். பேசியது அவர்தான். எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, கையில் இருந்த கடிதக் கட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வந்தாள். வழியெல்லாம் நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதே நினைப்பு. உடனே எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட வேண்டும்.

கதவைத் திறந்தபோது அவர் திரைக்கு மிக அருகில் குனிந்திருந்தார். கழுத்து இடது பக்கம் திரும்பியிருந்தது. பக்கத்தில் ஒரு காகிதத்தில் பென்சிலால் ஏழு பெயர்கள் எழுதியிருந்தார். வரிகள் தாளின் நடுவிலிருந்துதான் தொடங்கின. ஆனால் நேராக இருந்தன.

“ஏழு கண்டுபிடிச்சுட்டேன்” என்றார். “படிக்கட்டு மட்டும் கிடைக்கல. ரெண்டு மணி நேரமா தேடறேன்.”

அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. மேல் மூலையில், கடைசி ஓரத்தில் இருந்தது. வாயைத் திறக்கப் போனாள்.

“சொல்லாத. கையை மட்டும் பிடி.”

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, மௌஸ் மேல் இருந்த அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள். தள்ளவில்லை, இழுக்கவும் இல்லை. நடந்து வந்த வேர்வை அவள் உள்ளங்கையில் இன்னும் காயாமல் இருந்தது. அவர் கை கீழிருந்து தொடங்கி ஒவ்வொரு பட்டையாக ஏறியது. அழிப்பு, எழுத்து, அளவு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நின்று, கழுத்து வலிக்கிறது என்று சொல்லி ஓய்வெடுத்தார். அவள் மற்றக் கையால் கழுத்தை நீவிவிட்டாள். மறுபடி போனார். அம்பு மேல் மூலையைத் தொட்டது. அங்கே சின்னதாக, ஏணி மாதிரி ஒரு படம்.

“இருக்கு” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கவா என்று கேட்டாள். அது வேண்டும் என்றார். அம்பும் பெரிதாக வேண்டும், பின்னணி கறுப்பாக வேண்டும். பட்டைகள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார். அவள் நோட்டை எடுத்து வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு நிறமாக அவர் சொல்லச் சொல்ல வைத்துக்கொண்டு வந்தாள். சுவருக்கு மஞ்சள் வைக்கும்போது, ஏன் எப்போதும் மஞ்சளே, மாற்றிப் பார்க்கலாமே என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார். உனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அதைக் கேட்டதே இல்லை என்று அவள் சொல்ல, இப்போது கேட்கிறேன் அல்லவா என்றார்.

மாந்தளிர் நிறம் என்றாள். அந்தப் பெயரில் நிறம் எதுவும் பட்டியலில் இல்லை. இருவருமாக உட்கார்ந்து சிவப்பில் கொஞ்சம் கூட்டி, பச்சையில் கொஞ்சம் குறைத்து, வெயில் ஜன்னலை விட்டு இறங்கும் வரை அதைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.